அம்மனுக்கு நேர்ந்த வான்கோழியும் திருமழிசைப் பரங்கிக்காயும்

கடையில் எதுவும் வாங்காமல் குடும்பம் நடத்துகிறேன் என்று யாராவது உங்களிடம் பெருமையடித்தால், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். தயவுசெய்து அவர்கள் வீட்டுக் கொல்லையைப் போய்ப் பார்க்காதீர்கள். எங்கள் கொல்லையை ஒருவர் வந்து பார்த்தார். அதன் பலனை நான் இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் புகுந்த வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். பட்டாளத்துக்குக் கேம்ப் போடவேண்டும் என்று சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் கிணறும் அதைச் சுற்றியிருந்த கொல்லையும்தான். என் வீட்டுக்காரர் அதே கேம்ப்பில் சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். (நிலத்தை எடுத்துக்கொண்டவனிடமே கைகட்டி வேலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் அப்போது சகஜம்.) வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் மாமியார், கல்யாணத்துக்கு நின்ற என் நாத்தனார் செல்லம்மா.

ரேஷன் அரிசி வந்துகொண்டிருந்த நேரம். அதைக் களைந்தால் ஒரு நாற்றம், வேகவைத்தால் வேறொரு நாற்றம். நான் எட்டாவது வரை படித்தவள். அந்தத் தெருவில் அது பெரிய படிப்பு. ஏதோ ஒரு பத்திரிகையில், குடும்பத்துக்கு வேண்டியதையெல்லாம் சொந்தக் கொல்லையிலேயே விளைவித்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதிய மகானுபாவர் வாழ்நாளில் ஒரு கீரை விதையாவது போட்டிருப்பாரா என்று இப்போது எனக்குச் சந்தேகம். அன்றைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர்களை நிறுத்திவைத்து அறிவித்தேன்.

"இனிமே உப்பு, மண்ணெண்ண ரெண்டத் தவிர எதுக்கும் நம்ம ஊட்டுலர்ந்து கடைக்குப் போவக்கூடாது."

"பருப்பு?" என்றார் மாமியார்.

"துவரை போட்டுக்கலாம் அத்தே."

"எண்ணெ?"

"எள்ளு வெதைக்கலாம்."

"என் வெத்தல பாக்கு?"

அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. "சரி, மூணத் தவிர" என்றேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கத்தரி காய்த்தது. அவரை பந்தலில் ஏறியது. முளைக்கீரை, தக்காளி, கிணற்றோரமாக ஒரு பரங்கிக் கொடி, முட்டைக்கு நாலைந்து நாட்டுக்கோழி. இத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இன்று மரியாதையோடு வாழ்ந்திருப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் கேம்ப்பிலிருந்து வந்து, "ஒரு தொரைக்கு மாத்தலாயிடிச்சி. அவன் பட்லர் வான்கோழிக் குஞ்சுங்கள வெச்சிகினு முழிக்கிறான். யாருனா எடுத்துகினு போங்கன்றான்" என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

நான் உடனே மனக்கணக்குப் போட்டேன். ஒரு வான்கோழி எத்தனையோ கோழிக்குச் சமம். முட்டை பெரிசு, கறி நிறைய. "எடுத்துகினு வாங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் ஒரு கூடையில் குஞ்சுகள் வந்து சேர்ந்தன.

வான்கோழிக் குஞ்சைப்போல ஒரு மக்குப் பிறவியை ஆண்டவன் படைத்திருக்கமாட்டான். கோழிக்குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் கொத்தித் தின்ன ஆரம்பித்துவிடும். இதற்குத் தின்னச் சொல்லிக்கொடுக்கவேண்டும். நான் தரையில் உட்கார்ந்து விரலால் தீனியைக் கொத்திக் கொத்திக் காட்டுவேன். அவை என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் வைத்தால் குடிக்காமல் அதில் விழுந்து மூழ்கும். அவித்த முட்டையை வெங்காயத்தோடு பொடியாக நறுக்கிக் கொடுத்தால்தான் தேறும் என்று பட்லர் சொல்லியனுப்பியிருந்தான். ஆகவே எங்கள் கோழிகள் இட்ட முட்டையெல்லாம் வான்கோழிக்குப் போயிற்று. நல்ல குருணையும் அவற்றுக்கே போயிற்று. வண்டு அரிசி எங்களுக்கு.

"அதுங்க துன்றது தொரமாருங்க ஊட்டு சோறு மாரி கீது, நாம துன்றது மிச்சம்" என்றாள் செல்லம்மா. முட்டைமீது அவளுக்குக் கொள்ளை ஆசை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வான்கோழிக் குஞ்சுக்கு ஈரம் ஆகாது என்பதைப் பட்லர் சொல்லவில்லை. கழிச்சல் வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டன. கடைசியில் ஒரே ஒரு சேவல் குஞ்சு மிஞ்சியது. அதுவும் கண்ணைச் செருகிக்கொண்டு துவண்டது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதே விட்டேன். இத்தனை நாள் நான் அடித்த சவடாலெல்லாம் அதன் உயிரில்தான் தொங்கிக்கொண்டிருந்ததுபோல எனக்குப் பட்டது. புடவைத் தலைப்பின் ஓரத்தைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, அதன் காலில் முடிபோட்டு, "தாயே, இது ஒண்ணாவது பொழைச்சா ஆடி மாசம் உனக்கே உட்டுர்றேன்" என்று எங்கள் தெருக்கோடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

பிழைத்துக்கொண்டது. அம்மன் சக்தியில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. என் புத்தியில்தான் சந்தேகம்.

நேர்ந்துவிட்ட பிராணியைப் பற்றி உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். மஞ்சள் துணி கட்டியாயிற்று என்றால் அது சாமி சொத்து. அடிக்கக்கூடாது, கட்டிப்போடக்கூடாது, சிறகை வெட்டி ஊனம் பண்ணக்கூடாது. விற்கக்கூடாது, விருந்தாக்கக்கூடாது. எங்கே மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. என் மாமியார் இதிலெல்லாம் மகா கண்டிப்பு. கோழிக்கும் ஆட்டுக்கும் வைத்த சட்டம் வான்கோழிக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதுவும் நாளொரு மேனியாக வளர்ந்தது. மார்கழிக்குள் மாரை நிமிர்த்திக்கொண்டு, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, கழுத்துச் சதை சிவக்கச் சிவக்க முற்றத்தில் நடைபோட ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் அதற்குத் தொரை என்று பெயர் வைத்தார். நம் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நாம் விளைவித்ததைத் தின்றுகொண்டு, நம்மையே மிரட்டுகிறது, ஏனென்று கேட்க நமக்கு அதிகாரம் கிடையாது. வேறென்ன பெயர் வைப்பது?

அதற்கு இன்னொரு குணம். யாராவது உரக்கப் பேசினால் உடனே பதில் சொல்லும். சும்மா இல்லை, வயிற்றிலிருந்து எடுத்து, "களகள களகள" என்று. என் மாமியார் தெருவில் போகிற மோர்க்காரியைக் கூப்பிட்டால் அது பதில் சொல்லும். அவர் அதைத் திட்டினால் அதற்கும் பதில் சொல்லும். மாமியாரை எதிர்த்துப் பேச எனக்கு இல்லாத தைரியம் அதற்கு இருந்தது.

அது கொல்லைக்குள் போகாமலிருக்க வேலி கட்டினோம். பறந்து தாண்டியது. வேலியை உயர்த்தினோம். கூரைமேல் ஏறி அங்கிருந்து குதித்தது. நான் முந்தானையை விசிறிக்கொண்டு, "போங்க சாமி, அந்தாண்ட போங்க சாமி" என்று கெஞ்சுவேன். கீரையைக் குருத்தோடு கிள்ளும். தக்காளியில் ஒவ்வொரு கொத்து கொத்தி ருசி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பொறுக்கமாட்டாமல் கோவில் பூசாரியிடம் போய், ஆடி வரைக்கும் எதற்கு, இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது தொரை அவரைத் துரத்தியிருந்தது.

"ஆடின்னு சொன்னது நீதானேம்மா? அம்மனாண்ட சொன்ன வார்த்தைய மாத்தலாமா? அதுவரிக்கும் அம்மன் சொத்து உன் ஊட்டுலயே பத்திரமா இருக்கட்டும்" என்றுவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் செல்லம்மாவுக்குத் திருமழிசையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

அதற்கு முன்பு வந்தவர்களெல்லாம், நிலம் போய்விட்டது என்று தெரிந்ததும் திரும்பிப் போயிருந்தார்கள். இந்தப் பையனைச் செல்லம்மா திருமழிசைத் தேரில் பார்த்திருக்கிறாள். அடுப்படியில் என் காதோடு, "அண்ணி, எனக்கு அவர புடிச்சிகீது. நீதான் எப்டினா முடிச்சிக் குடுக்கணும்" என்றாள். எனக்கு அவள் நாத்தனார் இல்லை, கூடப்பிறந்த தங்கை மாதிரி. நான் வந்த நாளிலிருந்து மாமியாருக்கும் எனக்கும் நடுவில் நின்று அடியைத் தாங்கியவள். எப்படியாவது முடித்துவிடவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. தரகரைக் கூப்பிட்டு, "நெலம் போனா இன்னா? எங்க ஊட்டுல கறிகாய்க்குக் கடவாசலையே மிதிக்கிறதில்ல. அவுங்க வர்ற அன்னிக்கி எலையில வெக்கிற ஒரு காய்கூட வெளிய வாங்கினது இருக்காது. போய் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

தரகர் போய்ச் சொன்னார். பையனின் தகப்பனார் பரம்பரைத் தோட்டக்காரர், காய்கறி விளைவித்துப் பூந்தமல்லிச் சந்தைக்கு அனுப்புகிறவர். "அப்டியா? பஞ்ச காலத்துல அப்டி ஒரு ஊடா? அத நான் பாக்கணுமே" என்று சொன்னாராம். எனக்கு அப்போதாவது உறைத்திருக்கவேண்டும்.

பொங்கல் கழிந்து ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். பெண் பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் சம்பந்தம் இல்லை. அதனால் சமையல் தயாராக இருக்கவேண்டும். அதற்கு முதல் நாள்வரை கொல்லையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். வருகிறவர்களுக்காக வாசலைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்த நேரம்தான் நான் கொல்லையைப் பார்க்காமல் விட்டது. கையைக் கழுவப் பின்பக்கம் போனால், தொரை பந்தல்மேல் உட்கார்ந்து அவரைப் பிஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. கத்தரிச்செடிகள் காம்போடு நின்றன. பரங்கிக் கொடியில் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை, காயில் பாதி இல்லை.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். மாமியார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். "அடிச்சிக்கிடிச்சித் தொலைக்காதே. நாளிக்கு நல்ல காரியம். அம்மனுக்குக் கோவம் வந்தா இன்னா ஆவறது?"

"அம்மனுக்குக் கோவம் வந்தா ஆவறது இருக்கட்டும் அத்தே, எனக்குக் கோவம் வந்துச்சே, அதுக்கு இன்னா பண்றது?" என்று கத்தினேன். "களகள களகள" என்றது தொரை.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கக்கூடாது என்று ஆவடிக் கடைப்பக்கம் போகாமல், சைக்கிளை மிதித்துக்கொண்டு பூந்தமல்லிச் சந்தைக்கே போனார். கத்தரி, அவரை, கீரை, இரண்டு பரங்கிக்காய் கொண்டுவந்தார். ஒரு பரங்கிக்காயைச் செல்லம்மா கூட்டுக்கு நறுக்கினாள். நான்தான் சும்மா இருக்கமாட்டேனே. இன்னொரு காயை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றோரக் கொடியில், மிஞ்சியிருந்த நாலு இலைக்கு நடுவே, அங்கேயே காய்த்ததுபோல வைத்தேன். அடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது. திருஷ்டிக்காக யாரோ வைத்தது என்று நினைத்து, அந்தப் பக்கத்தைத் தரையோடு வைத்து, மேலே கொஞ்சம் மண்ணையும் தூவிவிட்டேன். (எட்டாவது வரை படித்த மூளை, பாருங்கள்.)

மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, தகப்பனார். தகப்பனார் ஆஜானுபாகு. அவருடைய குரல் இருக்கிறதே, அவர் வண்டிக்காரனிடம் "மாட்ட நெழல்ல கட்டு" என்று சொன்னது தெருவுக்கே கேட்டது. முற்றத்திலிருந்து தொரை பதில் சொன்னது.

"அது இன்னா சத்தம்?" என்றார்.

"களகள களகள."

"வான்கோழி, மாமா. ஊட்டுது" என்றேன். (பையனின் தகப்பனாரை வந்த உடனேயே மாமா ஆக்கிவிட்டேன்.)

"ஓ, அதுவும் வளக்கிறீங்களா! பலே!"

"களகள களகள."

பலகை போட்டு உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. "மொதல்ல கொல்லைய பாத்துட்றேன். அதுக்குத்தான் ராவெல்லாம் தூக்கம் வராம கெடந்தேன்" என்று நேராகப் பின்பக்கம் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். மொட்டையாக நிற்கும் காம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"அறுவடை முடிஞ்சி போச்சி மாமா. காலையிலதான் எல்லாம் பறிச்சோம்" என்றேன். கிணற்றோரம் கூட்டிப்போய், "இது ஒண்ணுதான் விட்டுவெச்சோம். நல்லா முத்தட்டும்னு" என்று பரங்கிக்காயைக் காட்டினேன்.

அவர் குனிந்தார். தட்டிப் பார்த்தார். ஒரு கையால் தூக்கினார். கொடி வரவில்லை, காய் மட்டும் வந்தது. என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். மாமா காயைத் திருப்பினார். சுண்ணாம்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். "கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் மாமா சுண்ணாம்பு வெச்சேன். பிஞ்சுலயே வெச்சிட்டேன்."

"நீயே வெச்சியாம்மா?"

"என் கையால வெச்சேன் மாமா."

அவர் தலையாட்டிவிட்டு மகனைப் பார்த்து, "நைனா, வண்டியில நாம கொண்டாந்த காய எடுத்துகினு வா" என்றார். பையன் போய் எடுத்துவந்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று பூ, பழத்தோடு தங்கள் தோட்டத்துக் காய் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்கள். மாமா அதையும் திருப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தார். அதே வட்டம், அதே புள்ளி.

"எங்க ஊர்ல பத்து ஊட்டுக் காயும் ஒரே வண்டியில சந்தைக்குப் போவும்மா. எது யாருதுன்னு தெரியறதுக்கு ஊட்டுக்கு ஒரு குறி. இது எங்க ஊட்டுக் குறி. எங்கப்பன் காலத்துலர்ந்து வெக்கிறோம். என் கையால நான் வெச்சது."

எனக்கு அந்தக் கிணற்றில் இறங்கிவிடலாமா என்று இருந்தது.  தொரை நிதானமாக நடந்து வந்து, இரண்டு காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னுடையது என்று நான் சொன்ன காயைக் கொத்த ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர், அதுவரைக்கும் அடக்கிவைத்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரு விறகுக் கட்டையைத் தூக்கினார். "டேய், அம்மனுக்கு நேந்து உட்டதுடா!" என்று அலறினார் மாமியார். அதற்கும் "களகள களகள" என்றது. பையனின் அம்மா அப்போதுதான் மஞ்சள் துணியைப் பார்த்து, "இன்னாது, இத நேந்து உட்டுகீறீங்களா?" என்றார். மாமியார் உடைந்துபோய், மழை, கழிச்சல், வேண்டுதல், வேலி, பூசாரி, அவரைப் பந்தல், முக்காடு, சைக்கிள் என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். எனக்கு இருந்த கடைசி மானமும் அதோடு போயிற்று.

மாமா முகம் இறுகிவிட்டது. "கோழி துன்னுடிச்சின்னு சொல்லியிருந்தா நானே ரெண்டு மூட்ட காய் அனுப்பியிருப்பேன். பொய்ய கொடியில கட்டித் தொங்கவுட்டு காட்ன ஊட்டுல எப்டி பொண்ணு எடுக்கிறது?" என்றார். மனைவியைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டு கெளம்பலாம்" என்றார்.

தண்ணீர். அந்த வார்த்தை எனக்கு நெஞ்சில் இடித்தது. என் வாய்க்கொழுப்பால் செல்லம்மாவின் வாழ்க்கை போகிறதே!

அப்போது அடுப்படிக் கதவு திறந்தது. அலங்காரம் பண்ணி, கூப்பிட்டால்தான் வரவேண்டும் என்று உள்ளே உட்காரவைத்திருந்த செல்லம்மா, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசி அன்றுவரை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

"பொய் சொன்னது எங்க அண்ணி. எனக்கோசரம் சொன்னாங்க. அந்தக் கோழிய அடிக்காம உட்டது எங்கம்மா, சாமிக்கோசரம். ரெண்டு பேரும் நல்லது நெனச்சி தோட்டத்த தொலச்சிட்டாங்க. ஆனா காலையிலர்ந்து பொகையில உக்காந்து ஆக்கினது நானு. அதுல பொய் இல்ல. காயும் உங்க ஊட்டுக் காய்தான். அத வுட்டுட்டு தண்ணிய குடிச்சிட்டுப் போறேன்னா போங்க."

அவள் குரலும் சாமானியமில்லை. தொரைகூட ஒரு நிமிஷம் பதில் சொல்ல மறந்துவிட்டது.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "இவ்ளோ சத்தமா நம்ம ஊட்டுல என்னத் தவிர யாரும் பேசினதில்ல" என்றார் மாமா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எலையப் போடுங்க. எங்க காய இன்னா பண்ணி வெச்சிகீறான்னு பாப்போம்."

மூன்று பேரும் கை நனைத்தார்கள். மாமா பரங்கிக்காய்க் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.  மாமியார் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. ஆடியில் தொரையைக் கோவிலில் ஒப்படைத்தோம். அதற்கப்புறம் அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. அன்றைக்குப் பூசாரி வீட்டுப் பக்கம் மசாலா வாசனை பலமாக இருந்ததாகத் தெருவில் சொன்னார்கள். அம்மன் அனுக்கிரகம், யாராவது சாப்பிட்டிருந்தால் சரி.

என் தண்டனை அப்போதுதான் ஆரம்பித்தது. மாமா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், நல்லது கெட்டது எதுவாக இருந்தாலும், கையில் ஒரு பரங்கிக்காய் இருக்கும். அதைக் கூடத்தில் எல்லோரும் பார்க்க என் முன்னால் வைத்து, குறி தெரிகிற மாதிரி திருப்பி, "உன் கொல்லையில காச்சதும்மா. கீழ கெடந்திச்சி, எடுத்தாந்தேன்" என்பார். என் வளைகாப்புக்கு வந்தது. என் மகன் காதுகுத்துக்கு வந்தது. அவர் போனபிறகு அவர் பிள்ளை கொண்டுவந்தார். இப்போது செல்லம்மாவின் பேரன்கள் கொண்டுவருகிறார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாமா இருந்த காலத்திலேயே ஒரு வருஷம் நான் வைராக்கியமாகக் கொடி போட்டேன். கோழி இல்லை, வாத்து இல்லை, வேலிக்குள் ஒரு ஈ நுழைய விடவில்லை. காய்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையால் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, என் கொல்லையில் காய்த்த காய். ஒரு குறியும் வைக்காமல், காம்பு காய்வதற்குள் பஸ் ஏறித் திருமழிசைக்குக் கொண்டுபோய், மாமா மடியில் வைத்தேன்.

அவர் தட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"நல்ல காய்தாம்மா" என்றார். "எந்தச் சந்தையில வாங்கின?"

நான் செல்லம்மாவைப் பார்த்தேன், எனக்காக அவளாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.